விழா வண்டல்

ஈச்சந்தாங்கல் ஆதிகேசவனின் நிலத்துக்கு நன்றி என்பதே கிடையாது. காலையில் கிணற்று நீரை வரப்பு முட்ட வார்த்தால், உச்சிப்பொழுதுக்குள் "எப்போது வார்த்தாய்?" என்று கேட்கும். இரண்டு ஏக்கரும் மணல். எருவைக் கொட்டினால் எருவும், உரத்தைத் தூவினால் உரமும், நீரின் கைபிடித்துக்கொண்டு பாதாளத்துக்குப் போய்ச் சேரும். ஈயாத செல்வனைப் பாடிய புலவன் சொல்லைப் போல, அவன் அந்நிலத்தில் இட்டதெல்லாம் விழலுக்கே ஆயிற்று.

கொடுமை என்னவென்றால், மருந்து பக்கத்திலேயே இருந்தது. கடம்பத்தூர் நிலையத்தில் இறங்கித் தெற்கே ஆறு கிலோமீட்டர் வந்தால் ஈச்சந்தாங்கல் ஏரி. அதன் வயிற்றில் நாலடி ஆழத்துக்கு வண்டல். மையெனக் கறுத்து, வெண்ணெயெனக் குழைந்து, கையில் பிடித்தால் விரல்ரேகை பதியும் வண்டல். மேட்டு நிலங்களின் சத்தையெல்லாம் நூறு மழைக்காலம் அடித்துக் கொணர்ந்து சேர்த்து வைத்த செல்வம். அது மிகுந்ததால் ஏரிக்கு மூச்சு முட்டியது. அது இல்லாததால் நிலம் இளைத்தது. ஏரியிலிருந்து ஆதிகேசவனின் வரப்புக்கு இருநூறு தப்படி. ஆனால் அந்த இருநூறு தப்படியும் திருவள்ளூரில் இருந்த ஏரி வண்டல் நல்கைச் சிறப்பு அலுவலகத்தின் வழியாகச் சென்றன.

உழவர்க்கு வண்டல் விலையின்றி வழங்கப்படும் என்று அவ்வலுவலகம் அறிவித்திருந்தது. அதை நம்பிய ஒருவன் ஆதிகேசவன். நம்பாத ஒருத்தி அவன் மனைவி கன்னியம்மா.

"அது மண்ணாய்யா? சல்லட. என் தம்பி சுப்பிரமணி தேர்வாய் கண்டிகையில ஆள் பேசி வெச்சிக்கினு இருக்கான். குடோன் கட்றவங்க. குடுத்துட்டு ஒரு வருஷமாச்சும் ஒழுங்கா சோறு துன்னலாம்."

"ஒரே ஒரு சம்பா, கன்னிம்மா. வண்டல் அடிச்சி ஒரு போகம் வெச்சிப் பாக்கறேன். வெளயலன்னா தை மாசம் நானே வந்து கையெழுத்துப் போட்றேன்."

"சாமி மேல சத்தியம் பண்ணு."

"வீரராகவப் பெருமாள் மேல சத்தியம்."

"அவரு திருவள்ளூர் கோயில்ல படுத்துக்கினு இருக்காரு. காதுல உழுந்துச்சோ இல்லியோ."

நிலம் நிற்பதும் போவதும் இவ்வாறு ஒரு சம்பாவின்மேல் வைக்கப்பட்டது. ஆவணியில் நாற்று நடவேண்டும். அதற்குமுன் வண்டல் வயலுக்கு வந்தாக வேண்டும். ஐப்பசியில் ஏரி நிரம்பிவிட்டால் பிறகு வண்டலைக் கேட்பதற்கு மீனாகத்தான் பிறக்கவேண்டும்.

சித்திரை மாதம் ஒரு நல்ல நாளில் ஆதிகேசவன் திருவள்ளூருக்குப் போனான். அலுவலகத்தின் அளவைப் பிரிவில் ஜோதிலட்சுமி என்னும் அம்மையார் வீற்றிருந்தார். நிலம் மெலிந்தது என்பதற்குச் சான்று வேண்டும் என்றார் அவர். ஆதிகேசவன் ஒரு மஞ்சள் பையில் தன் வயல்மண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்தான். பதினெட்டு நாள் கழித்து முடிவு வந்தது: "நிலம் போதிய அளவு மெலியவில்லை. நல்கை மறுக்கப்படுகிறது." அவன் அழாத குறையாக மன்றாடவே, அதே பையை எடுத்து அதே மண்ணை மறுபடி சோதித்தார்கள். முடிவு வந்தது: "நிலம் அளவுக்கு மிஞ்சி மெலிந்துள்ளது. இதில் வண்டலிடுவது வண்டலை வீணாக்குவதாகும். நல்கை மறுக்கப்படுகிறது."

"அம்மா, ஒரே பை மண்ணும்மா!"

"அதனாலதான் சிக்கல். ரெண்டு பை குடுத்திருந்தா ரெண்டு ரிசல்ட்டும் சரியா இருந்திருக்கும்."

விவகாரம் தனி அலுவலர் பரசுராமன் முன் சென்றது. இருபத்தொரு தலைமுறை அரசர்களை வெட்டிச் சாய்த்தவரின் பெயரைத் தாங்கிய அவர், இதுவரை நாலாயிரம் விண்ணப்பங்களைச் சாய்த்திருந்தார். இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்து நெடுநேரம் நோக்கினார். பிறகு அவர் முகத்தில் ஞானம் உதித்தது.

"ஒன்று குறைவு என்கிறது. ஒன்று மிகை என்கிறது. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால், சரியான மெலிவு. இவரை முதற்பயனாளியாகக் குறியுங்கள்."

ஊழி வெள்ளத்துள் ஆழ்ந்த நிலமகளைக் கொம்பின் நுனியில் ஏந்தி எடுத்த பெருமான், நல்லவேளை, இப்படியோர் அலுவலகம் எழுமுன்பே அக்காரியத்தை முடித்துவிட்டான். சற்றே தாமதித்திருந்தால், நாமெல்லாம் இன்றைக்கும் நீருக்கடியில் விண்ணப்பத்தின் மூன்று படிகளோடு காத்துக்கொண்டிருப்போம்.

கையெழுத்திட ஓர் உறுதிமொழிப் பத்திரம் நீட்டப்பட்டது. "என் நிலத்தை மாதிரி வயலாக அளிக்கிறேன். நல்கை வண்டலின் அளவு எவ்விடத்தில், எவரால் குறையினும், என் நிலத்து மண்ணால் ஈடுசெய்ய ஒப்புகிறேன்" என்று அதில் இருந்தது.

"இன்னாம்மா இது?"

"மாதிரி வயல்னா எல்லாரும் போடறதுதான்."

"இதுவரிக்கும் எத்தினி பேரு போட்டுக்கிறாங்க?"

"நீங்கதான் முதல்."

அவன் போட்டான்.

வைகாசியில் விழா நடந்தது. ஆதிகேசவனின் வயல் சாலையை ஒட்டியிருந்ததால் பந்தல் போட வசதியாக இருந்தது. பூச்சரம் சுற்றிய டிப்பர் லாரி ஒன்று ஏரியிலிருந்து ஒரு லோடு வண்டலை ஏற்றிக்கொண்டு, இருநூறு தப்படியை மேளதாளத்தோடு முக்கால் மணியில் கடந்து வந்தது. வாழைமரம், தோரணம், குத்துவிளக்கு எல்லாம் இருந்தன. வண்டலுக்கு மாலை சாத்தினார்கள். பரசுராமன் ஒலிபெருக்கியைப் பற்றினார்.

"பெரியோர்களே! இவ்வலுவலகம் தோன்றி மூன்றாண்டுகள் ஆகின்றன. இந்த மூன்றாண்டுகளில் இம்மாவட்டத்து ஏரிகளிலிருந்து ஒரு கூடை வண்டல்கூட முறைகேடாக வெளியே போனதில்லை என்பதைப் பெருமையோடு அறிவிக்கிறேன். முறையாகவும் போனதில்லை. ஏன்? முறையாகப் போக விடுவதுதான் முறைகேட்டின் முதற்படி. வண்டலை விரும்புகிறவர் பலர். வண்டலைக் காப்பவர் நாங்கள் மட்டுமே. கொடுப்பது எளிது; எவனும் கொடுப்பான். கொடுக்காமல் காப்பதற்குத்தான் ஓர் அலுவலகம் தேவைப்படுகிறது!"

கைதட்டல் எழுந்தது. டிப்பர் தன் முதுகை உயர்த்த, வண்டல் சரிந்து மணலின்மேல் கரிய குன்றாய் அமர்ந்தது. ஆதிகேசவன் அதன்முன் நின்று கைகூப்பினான், படம் எடுத்தார்கள். குனிந்து ஒரு கட்டியைக் கையிலேந்தினான், படம் எடுத்தார்கள். அழுதான், சரியாக விழவில்லை என்று மறுபடி அழச்சொல்லி எடுத்தார்கள். பிறகு எல்லாரும் நாஷ்டா பொட்டலம் கொடுத்த பந்தலுக்குப் போனார்கள்.

இனி நடந்தது எந்த உழவனும் செய்கிற பிழை. வண்டலைக் குவியலாய் விட்டு வைத்தால் வெயில் அதைக் கல்லாய் இறுக்கிவிடும். கொட்டிய சூட்டோடு கட்டியை உடைத்துப் பரப்பிவிட வேண்டும். இது அவன் யோசித்துச் செய்ததன்று. பசித்த குழந்தையைக் கண்ட தாய்க்கு மார்பு சுரப்பதுபோலத் தானே நிகழ்வது. பொட்டலம் பிரிபடுமுன் ஆதிகேசவனின் மண்வெட்டி கால்பங்கு வண்டலை உடைத்து, இறைத்து, காலால் மிதித்து மணலோடு கலந்துவிட்டது.

அப்போதுதான் ஜேசிபி வந்தது. அதை ஓட்டிவந்த ஸ்டீவன், புதுவாயல்காரன், இருக்கையிலிருந்தபடியே கத்தினான்.

"யோவ் பெரிசு! இன்னா பண்ணிக்கினுகீற? நவுரு, நவுரு. லோடு ஏத்தணும்."

"எங்க ஏத்தறது? இது எனுக்குக் குடுத்ததுப்பா."

"குடுத்தாச்சு இல்ல? போட்டோ புடிச்சாச்சு இல்ல? அடுத்த ஊர்ல மேளம் வந்து குந்திக்கினு இருக்குது, நைனா. இது விழா வண்டல். மாவட்டத்துக்கே சாங்ஷன் ஆனது ஒரு லோடுதான்."

"அப்ப என்னோடது?"

"ஃபைல் ஓடிக்கினு இருக்குது. வரும்."

வண்டல் வாரி ஏற்றப்பட்டது. ஜோதிலட்சுமி நாடா பிடித்து அளந்தார். பதினோரு கூடை குறைந்தது. அவர் முகம் கறுத்தது, பத்திரத்தை எடுத்தார், ஸ்டீவனைப் பார்த்தார். ஜேசிபி வயலில் கைவைத்து ஒரு வாய் அள்ளியது.

"அம்மா! அது என் மண்ணும்மா!"

"அதுல வண்டல் கலந்திருக்கு. கலந்துட்டா எது யாருதுன்னு பிரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்ல. அதனால மொத்தமும் அரசாங்கத்துது."

கன்னியம்மா பந்தலின் நிழலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்குது. பிச்ச போட்டுட்டு சட்டியையும் புடிங்கிக்கினு போறானுங்க."

விழா வண்டல் உலா கிளம்பிற்று. பெரிய கோயில் உற்சவருக்கும் வாய்க்காத உலா அது. நாற்பத்திரண்டு ஊர்களில் நாற்பத்திரண்டு உழவர்களுக்கு அது வழங்கப்பட்டது. நாற்பத்திரண்டு முறை திரும்பப் பெறப்பட்டது. ஒவ்வோர் ஊரிலும் மாலை, ஒவ்வோர் ஊரிலும் கற்பூரம், ஒவ்வோர் ஊரிலும் கொடுக்காமல் காப்பதன் அருமை பற்றிய பேருரை. ஒவ்வோர் ஊரிலும், உரை முடியுமுன், ஓர் உழவனின் மண்வெட்டி கட்டியை உடைத்தது. எச்சரித்தும் பயனில்லை; கையைக் கட்டி நிறுத்திய ஒருவன் காலால் உடைத்தான். எங்கும் அளவு குறைந்தது.

குறைந்ததெல்லாம் எங்கே ஈடுசெய்யப்படும்? பத்திரம் இருந்த இடத்தில்.

வாரம் இருமுறை டிப்பர் ஈச்சந்தாங்கலுக்குத் திரும்பிவந்தது. புதுவாயலில் குறைந்த பதினைந்து கூடையும், ஆந்திர எல்லை ஊர்களில் குறைந்த முப்பது கூடையும் ஆதிகேசவனின் வயலிலிருந்து அள்ளப்பட்டன. அன்றியும் அது மாதிரி வயல் ஆகையால், பார்வையிட வரும் ஒவ்வொரு மேலதிகாரிக்கும் விழா அங்கே மறுபடி நடந்தது. மாலை, கைகூப்பு, அழுகை, நாஷ்டா, ஜேசிபி.

மூன்றாம் விழாவின்போது கன்னியம்மா மண்வெட்டியைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்துவிட்டாள்.

"கைய வெச்சினு சும்மா குந்து. நீ தொட்டாத்தான் கொறயும். தொடாத இருந்தா அவனுங்க கொட்னத அவனுங்களே எடுத்துக்கினு போய்டுவானுங்க. உன் மண்ணாச்சும் மிஞ்சும்."

அவன் அமர்ந்தான். வெயில் ஏறியது. குவியலின் உச்சியில் ஒரு கட்டி வெளிறத் தொடங்கியது. விளிம்பில் மெல்லிய வெடிப்பு ஓடியது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டான். ஒரு நாழிகைக்குப்பின் கன்னியம்மா திரும்பிப் பார்த்தபோது, அவன் முழங்காலிட்டு இரண்டு கைகளாலும் கட்டிகளைப் பொடித்துக்கொண்டிருந்தான்.

"யோவ்!"

"இறுகிப்பூடும் கன்னிம்மா. இறுகிப்பூட்டா யாருக்கும் ஒதவாது."

அன்று குறைந்தது பத்தொன்பது கூடை.

ஒன்பதாம் விழாவில் குவியல் சரிந்தபோது ஆதிகேசவன் திடுக்கிட்டான். அது கறுப்பாக இல்லை. ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்தான். வெளுத்த, விரலிடுக்கில் ஒழுகும் மணல். அதன் நடுவே சென்ற ஆண்டு அவன் வயலில் மக்காமல் கிடந்த ஒரு நெல்தாள். நாற்பத்திரண்டு ஊர்களும் வண்டலை வைத்துக்கொண்டு, இவன் மண்ணைத் திருப்பி அனுப்பியிருந்தன. அதற்கு மாலை சாத்தியிருந்தார்கள்.

"தம்பி ஸ்டீவன், இது என் மண்ணுப்பா. வண்டலே இல்லியே இதுல!"

ஸ்டீவன் கீழே இறங்கி வந்து பார்த்தான். அவன் கெட்டவன் அல்லன். வாடகைக்கு ஜேசிபி ஓட்டுகிறவன். "ஆமா நைனா," என்றான் வருத்தத்தோடு. "ஆனா பேப்பர்ல வண்டல்னு கீது. நா இன்னா பண்றது? நீ கும்பிட்டுக்கினு நில்லு, மேலதிகாரிங்க வர்றாங்க."

ஆதிகேசவன் தன் வயல்மண்ணின் முன், அதைத் தனக்கு அளித்ததற்காக அரசுக்கு நன்றி கூறிக் கைகூப்பி நின்றான். அன்றைய படம்தான் அலுவலக ஆண்டறிக்கையின் அட்டைக்குத் தேர்வாயிற்று.

அவன் ஏன் மறுக்கவில்லை என்று கேட்கலாம். ஒருமுறை மறுத்தான். "மாதிரி வயலை விலக்கிக்கொண்டால் ஃபைல் முதலிலிருந்து தொடங்கும்" என்றார் பரசுராமன், தகப்பனைப்போல. "இவ்வளவு பொறுத்துவிட்டு விளிம்பில் வந்து விடலாமா? உம்முடைய பங்கு கையெழுத்துக்கு வந்துவிட்டது." வேண்டியதைத் தருகிறேன் என்றவன் வாயிற்படியில் நிற்பவனுக்கு, திரும்பிப்போகும் வழி மறந்துவிடும். ஆடி போயிற்று. ஆவணி போயிற்று. நாற்று முற்றிப் பழுத்தது. நட இடமில்லை; வயல் இருந்த இடத்தில் இடுப்பளவுப் பள்ளம் இருந்தது.

ஐப்பசியில் மழை அடித்தது. ஏரி நிரம்பியது, வண்டல் நீருக்கடியில் பத்திரமாயிற்று. ஒரு கூடையும் முறைகேடாகப் போகவில்லை.

மழை ஓய்ந்த மறுநாள் ஆதிகேசவன் திருவள்ளூருக்குச் சென்று தன் பங்கைப் பற்றிக் கேட்டான். ஜோதிலட்சுமி பதிவேட்டைப் புரட்டினார்.

"ஆதிகேசவன், ஈச்சந்தாங்கல், ரெண்டு ஏக்கர். பதினேழு தடவ வாங்கியிருக்கீங்க. போட்டோவோட இருக்கு. மாவட்டத்துலயே அதிகமா வாங்கினது நீங்கதான்."

"அம்மா, வாங்குனதெல்லாம் திருப்பி எடுத்துக்கினு பூட்டீங்களே!"

"திருப்பி எடுத்ததுக்குப் பதிவேடு கெடையாதே. வழங்கல் பதிவேடு மட்டும்தான் சாங்ஷன் ஆச்சு."

பதினேழு லோடு பெற்றும் பயிரிடாதவன் எவனென்று விசாரிக்க, மறுவாரம் பரசுராமனே நேரில் வந்தார். வந்தவர் வரப்பில் நின்று மலைத்தார். மணல் முழுதும் கழிந்து, அடியிலிருந்த கெட்டிக் களித்தட்டு வெளிப்பட்டிருந்தது. அதன்மேல் மழைநீர் கரையோடு கரை ததும்பிற்று. ஒரு கொக்கு நின்றது. தவளைகள் தொண்டையைத் திறந்து பாடின. ஆதிகேசவனின் தலைமுறையில் முதன்முறையாக அந்நிலம் நீரை வைத்துக்கொண்டிருந்தது.

பரசுராமனின் கண்கள் கலங்கின. கூடவந்தவர்களிடம் அங்கேயே உரையாற்றினார்.

"இம்மாவட்டத்து ஏரிகள் குறைந்துகொண்டே போகின்றன என்று பத்திரிகைகள் பழிக்கின்றன. இதோ பாருங்கள்! ஏரியைத் தூர்வாரத் தோன்றிய அலுவலகம், ஏரியையே படைத்துவிட்டது. தூர்வாருவதற்கு ஏரி இல்லாத காலம் வந்தால் இவ்வலுவலகம் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். இனி எவரும் கேட்கமாட்டார். எங்கெங்கு உழவர் இருக்கிறார்களோ, அங்கெல்லாம் எங்களால் ஏரியை உண்டாக்க முடியும்!"

கார்த்திகையில் ஆணை வந்தது. அவன் நிலத்தின் சர்வே எண்ணுக்கு எதிரே 'புன்செய்' என்பது அடிக்கப்பட்டு 'நீர்நிலை' என்று எழுதப்பட்டது.

தை பிறந்தது. செய்த சத்தியத்தின்படி ஆதிகேசவன் குளித்து, திருமண் இட்டு, கையெழுத்துப்போட ஆயத்தமாக அமர்ந்திருந்தான். சுப்பிரமணி குடோன்காரனை அழைத்துக்கொண்டு வந்தான். குடோன்காரன் காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி நீரைப் பார்த்தான், செல்பேசியில் எதையோ தட்டிப் பார்த்தான், கண்ணாடியை ஏற்றினான். சுப்பிரமணி மட்டும் இறங்கி வந்தான்.

"இன்னா மாமா நீ? நீர்நிலைன்னு பூட்டானே. இத இனிமே யாரும் வாங்க முடியாது, விக்க முடியாது. ரிஜிஸ்டர் ஆவாது."

"வெவசாயம்?"

"அதுவும் பண்ணக் கூடாது. ஏரிய ஆக்கிரமிச்சான்னு கேஸ் போடுவான்."

   மறு திங்கட்கிழமை கன்னியம்மா தம்பியோடு தேர்வாய் கண்டிகைக்குப் போய், ஒரு தொழிற்சாலையில் பெருக்கித் துடைக்கும் வேலையில் சேர்ந்தாள்.

மாசியில் நீர் வற்றத் தொடங்கியது. கரையில் ஓர் அறிவிப்புப் பலகை நடப்பட்டது. காவலுக்கு, ஜேசிபி வாடகை நின்றுபோன ஸ்டீவனை நாட்கூலிக்கு அமர்த்தியிருந்தார்கள். அவன் பலகையின் நிழலில் அமர்ந்திருந்த ஒரு காலையில் ஆதிகேசவன் வந்தான். தன் பழைய வரப்பு இருந்த இடத்தில் இறங்கினான்.

நீர் விலகிய விளிம்பில், சுற்று மேடுகளிலிருந்தெல்லாம் மழை அரித்துக் கொணர்ந்தது படிந்திருந்தது. ஒரு விரற்கடை கனம்தான் இருக்கும். கறுப்பு. அவன் குனிந்து ஒரு பிடி எடுத்தான். விரல்ரேகை பதிந்தது.

"நைனா," என்றான் ஸ்டீவன் மேலிருந்து. "அத உள்ள போட்டுடு."

"கொஞ்சம்தாம்பா. ஊட்டு வாசல்ல ஒரு தொட்டியில போட்டு ஒரு கத்திரிச் செடி வெக்கலாம்னு."

"பர்மிட் கீதா?"

"என் நெலம்பா இது."

"நெலம் இல்ல நைனா. ஏரி. எடுத்தா உம்மேலயும் கேஸு, பாத்துக்கினு இருந்ததுக்கு எம்மேலயும் கேஸு. பேஜாரு பண்ணாத. போட்டுடு."

 ஆதிகேசவன் அந்தக் கட்டியை இரண்டு கைகளாலும் பொடிப்பொடியாக உடைத்து, ஓரிடத்தில் குவியாதபடி நீரோரமாய்ப் பரப்பிவிட்டான்.

"கையையும் கழுவிடு," என்றான் ஸ்டீவன். "அதுலயே கழுவு."

அவன் கழுவினான். நகக்கண்ணில் இருந்ததையும் எடுத்துக் கழுவினான். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, மேலே தூக்கிக் காட்டினான்.